வியர்வை நின்ற பிறகு

முதல் அறிகுறி வியர்வை நின்றதுதான். அப்போது அதை நான் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆந்திராவில் ஆள்ளகட்டாவைத் தாண்டி, நந்தியாலை நோக்கித் தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பயணத்தின் நான்காவது நாள். லாரி நெரிசலுக்குப் பயந்து பெரிய சாலையை விட்டுவிட்டு, வாய்க்காலை ஒட்டிப் போகும் கிராமத்துச் சாலையில் இறங்கியிருந்தேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் நிலம். காலையிலிருந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த சட்டை, பன்னிரண்டு மணி வாக்கில் காய்ந்துவிட்டது. கழுத்தைத் தடவினேன். உப்பு நறநறத்தது, ஈரம் இல்லை. உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கை மயிர் சிலிர்த்தது. தார் இளகும் வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது.

ஓர் ஊரின் பெயர்ப்பலகை வந்தது. எனக்குத் தெலுங்கு நன்றாகவே படிக்க வரும். நகரிக்கும் புத்தூருக்கும் சாமான் வாங்கப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டது. அன்று அந்தப் பலகையில் வட்டங்கள் தெரிந்தன, எழுத்துகள் தெரியவில்லை. வண்டியை நிறுத்த எந்தக் கையை அழுத்த வேண்டும் என்று யோசித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பதினொரு நாட்கள் என்னிடம் இல்லை.

என் பெயர் தணிகாசலம். திருத்தணியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். விவசாயிகளின் பம்புசெட்டும் போர் மோட்டாரும் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். எரிந்த செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். பத்தொன்பது வருடம் தனியாளாகச் செய்த வேலை. பயிர் காய்கிறவர்கள் தலைமேல் நின்று “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சர்க்கரை எல்லையில் இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் நாற்பது வயதில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முதலில் திருவாலங்காடு வரை. பிறகு பள்ளிப்பட்டு, சித்தூர். ஓட்ட ஓட்ட ஓர் ஆசை வந்தது. கடப்பையைத் தாண்டி அந்தச் சமவெளியைக் குறுக்காகக் கடந்து, கர்னூல் வரை ஒருமுறை தனியாகப் போக வேண்டும். காரணம் கேட்டவர்களுக்கு ஆரோக்கியம் என்றேன். உண்மையில் எனக்கு “ஆச்சா” என்று கேட்க ஆளில்லாத ஐந்து நாட்கள் வேண்டியிருந்தன.

மாசியில் கிளம்பியிருக்க வேண்டும். கடையில் வேலை குவிந்து, பங்குனி கடைசி ஆகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் மூக்கு ஒழுகியது, உடம்பும் சுட்டது. என் மனைவி சுமதி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளிடம் சளிக்கு மட்டும் மாத்திரை கேட்டேன். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள் என்று தெரியும். அவள் மாத்திரை கொண்டுவந்தாள். வழியெல்லாம் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டினேன்.

என்னைக் கண்டுபிடித்தவர் ஈஸ்வரம்மா. மிளகாய்ப் பழம் பறிக்க வந்திருந்த கூலிப் பெண்களில் ஒருவர். சாலை ஓரத்தில் சைக்கிளும், அதற்கு அப்பால் பள்ளத்தில் நானும் கிடந்தோம். அந்தப் பெண்கள் தாங்கள் குடிக்கக் கொண்டுவந்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் என்மேல் ஊற்றியிருக்கிறார்கள். புடவைத் தலைப்பை நனைத்து விசிறியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வந்தும் பயன் இருந்திருக்காது என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். மீதிப் பகலுக்கு அந்தப் பெண்கள் என்ன குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சுமதியும் அவள் தம்பி முரளியும் கர்னூல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குச் செயற்கை சுவாசம் ஓடிக்கொண்டிருந்தது. வந்த நோய்க்கு ஹீட் ஸ்ட்ரோக் (வெப்பத்தாக்கு, உடல் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் உள்ளுறுப்புகள் வேகத் தொடங்கும் நிலை) என்று பெயர். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நூற்றேழு டிகிரி இருந்ததாம். தசைகள் கரைந்து ராப்டோமயோலைசிஸ் (தசைச் சிதைவு, கரைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துக்கொள்வது) வந்தது. சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனது. மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள்.

டாக்டர்கள் சுமதியிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தார்? தெரியாது என்றாள். ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? இல்லை என்றாள்.

பன்னிரண்டாம் நாள் கண் விழித்தேன். சிறுநீரகம் தப்பித்துக்கொண்டது. எல்லோரும் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். முரளி குனிந்து, “பாவா, நான் யாருன்னு தெரியுதா?” என்றான். தெரிந்தது. அவன் பெயரைச் சொன்னேன். வாயிலிருந்து வந்தது ஒரு பெயராக இல்லை. இழுபட்டு, நடுவில் உடைந்து, ஒரு பகுதி மட்டும் சத்தமாக விழுந்தது. குழாய் போட்டிருந்ததால் தொண்டை புண்ணாகியிருக்கும், சரியாகிவிடும் என்றார்கள். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினேன். விரல் கண்ணில் குத்தியது.

திருத்தணிக்குக் கூட்டி வந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. பிடிக்காமல் நிற்க முடியாது. கால்களை அகட்டி, கப்பலில் நடப்பவன்போல நடந்தேன். சோற்றை எடுத்தால் வாய்க்குப் போகும் முன் பாதி மடியில் சிந்தும். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் திவ்யா அம்மாவின் எண்ணுக்கு அழைத்தபோது நான் எடுத்து “அலோ” என்றேன். “அம்மா” என்று சொல்லத் தொடங்கியவள் நிறுத்தி, “யாருங்க பேசறது?” என்றாள். போனை வைத்துவிட்டேன். பதில் சொன்னால் மறுபடியும் அதே குரல்தான் வரும்.

மூன்றாம் மாதம் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும் அம்மையார். என் விரலால் என் மூக்கையும் பிறகு அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். குதிகாலால் மறுகால் முழங்காலைத் தொடச் சொன்னார். புதிதாக எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். செரிபெல்லம் (சிறுமூளை, பின்மண்டையில் இருந்து நடை, பேச்சு, கையசைவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் பகுதி) சுருங்கத் தொடங்கியிருந்தது. மூளையில் வெப்பத்துக்கு முதலில் சாகிற செல்கள் அங்கேதான் இருக்கின்றனவாம். எனக்கு இருப்பதன் பெயர் அடாக்சியா (தசையில் வலு இருந்தும் அசைவு கட்டுப்படாத நிலை).

“என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அதோடு நிறுத்தாமல், என் மனதில் இருந்ததையும் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சுமதிதான் எடுத்துச் சொன்னாள். “எரிஞ்சுபோன காயிலப் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா கட்டுவாராம் டாக்டர். அந்த மாதிரி இதுக்கு எதுவும் கெடையாதான்னு கேக்கறாரு.”

அவர் ஸ்கேனை இறக்கி வைத்தார். “இல்லைங்க, தணிகாசலம். செத்த செல்லு செத்ததுதான். மிச்சம் இருக்கறத வச்சுப் பழகணும். முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் நிறைய. வருஷம் தாண்டினா பெருசா எதிர்பார்க்காதீங்க.”

“மருந்து?” என்றாள் சுமதி.

“இதுக்குன்னு மருந்து இல்லம்மா. பயிற்சிதான். பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.”

மின்சார ரயிலில் திரும்பினோம். அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்று இல்லை. கண் விழித்த பிறகு நான் பார்த்தவர்களில் என்னை முழு ஆளாக நினைத்துப் பேசியவர் அவர்தான்.

பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். தரையில் சாக்பீஸால் பாதங்களை வரைந்து அவற்றின் மேல் அடி வைத்தேன். மணல் பையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு குண்டாவிலிருந்து குண்டாவுக்குக் கோலிக்குண்டுகளை மாற்றினேன். ஐந்தாம் மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கழிவறைக்குப் போனேன். வெளியே காத்திருந்த சுமதி கைதட்டினாள். எனக்கு நாற்பத்தைந்து வயது.

என்னைப் போன்றவர்கள் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். வெளியில் நம்மைக் குடிகாரன் என்றுதான் நினைப்பார்கள். முரளியின் வீடு ஆர்.கே.பேட்டையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகப் பேருந்து நிலையம் வந்தோம். சுமதி இடம் பிடிக்க முன்னால் ஏறிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துப் படியில் காலை வைத்தேன். கால் வேறெங்கோ விழுந்தது.

“யோவ், எறங்கு எறங்கு. காலைலயே ஏத்திக்கினு வந்துட்டான்” என்றார் நடத்துநர்.

நான் குடிக்கவில்லை என்று சொன்னேன். குடித்தவன் சொல்வதைப் போலவே அது வெளியே வந்தது. முன் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

உள்ளிருந்து சுமதி கத்தினாள். “அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க! இன்னா ஏதுன்னு தெரியாம பேசாதீங்க!”

“அத மொதல்லியே சொல்லக்கூடாதாமா?” என்று அவர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார். சிரித்தவர்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவர் சிரித்ததைவிட இடம் கொடுத்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மறுநாள் சுமதி ஓர் அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு என் சட்டைப்பையில் வைத்தாள். “எனக்கு மூளை பாதிப்பு. குடிபோதை இல்லை.” அதற்குப் பிறகு நான் அதிகம் வெளியே போவதில்லை.

ஏழாம் மாதம் கடையைத் திறந்து பார்த்தேன். செய்தி எப்படியோ பரவி, பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரோடு வந்துவிட்டார். பல வருடப் பழக்கம்.

“கரும்பு காஞ்சிகினு கீதுப்பா. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க” என்றார்.

எரிந்த கம்பியை வெட்டி எடுப்பது எப்படியோ முடிந்தது. அதற்கு வலு போதும். பிறகு கம்பி உட்காரும் இரும்புப் பள்ளங்களில், மின்சாரம் கசியாமலிருக்கக் காப்புத்தாளைச் செருக வேண்டும். விரலகலம்கூட இல்லாத பள்ளம். தாளைப் பிடித்துக்கொண்டு கையைக் கொண்டுபோனேன். என் நோயின் குணம் அதுதான். கை சும்மா இருக்கும்போது நடுங்காது. ஒன்றை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். பள்ளத்தின் அருகே போனதும் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் முயன்றேன். ஒரு தாள்கூடப் போகவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து மோட்டாரைச் சாக்கில் சுற்றினார். “ஒடம்பப் பாத்துக்க. இன்னா அவசரம் இப்ப” என்றார். நிலத்தில் பயிர் காய்ந்துகொண்டிருந்தவர் அப்படிச் சொன்னார். அவர் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போகும் வரை நான் நிமிரவில்லை.

அதற்கடுத்த வாரங்களை எழுத எனக்கு விருப்பமில்லை. பயிற்சியை நிறுத்திவிட்டேன். ஈஸ்வரம்மா தண்ணீரை ஊற்றாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்படி நினைப்பவர்கள் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்தது எனக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

ஒரு மத்தியானம் சுமதி என் மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள்.

“அந்தச் சளி மாத்திர நான்தான குடுத்தேன்.”

நான் பார்த்தேன்.

“அது வேர்வையக் கொறைக்கும்னு எனக்குத் தெரியுங்க. வெயில்ல போறவங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு எங்க கடையிலயே சொல்லிக்கினு இருப்பாங்க. சின்ன மாத்திரதானன்னு குடுத்துட்டேன். கர்னூல்ல டாக்டர் கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு. நான்தான் உங்கள இப்படிப் பண்ணிட்டேன்.”

எட்டு மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், குளிப்பாட்டியிருக்கிறாள். காய்ச்சலை மறைத்தது நான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

“கா...ச்...சல்.”

“காச்சலா? இப்பவா?” என்று பதறி எழுந்து என் நெற்றியில் கை வைத்தாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். தலை எல்லாப் பக்கமும் ஆடியது. “அப்ப” என்றேன். “அப்ப... காச்சல்.”

கை நெற்றியிலேயே இருந்தது. அவள் முகம் மெல்ல மாறியது.

“போறப்பவா?”

“ஆங்.”

“தெரிஞ்சுகினேவா போன?”

“ஆங்.”

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருடம். அன்றுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டிருக்கவே மாட்டேனே” என்றாள். அதனால்தான் சொல்லவில்லை என்ற பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த ஒரு முறை அது நல்லதாகப் போயிற்று.

அவள் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. மாத்திரைப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனாள். நான்கு நாட்கள் தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு ஊட்டினாள், குளிப்பாட்டினாள். கைகளில் குறை வைக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்க்கவில்லை.

ஈஸ்வரம்மா மாதம் ஒருமுறை சுமதிக்குப் போன் செய்வார். என் சைக்கிள் அவர் வீட்டில்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். அந்த ஐந்தாம் நாள் அவருடைய அழைப்பு வந்தது. அதுவரை நான் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்கச் சொன்னேன். சுமதி தெலுங்கில் கேட்டாள். “அவர் எவ்வளவு நேரம் அங்கே கிடந்திருப்பார்?”

ஈஸ்வரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு சால், அதாவது செடிகளின் ஒரு வரிசை, பறிக்க இறங்கும்போதே தூரத்தில் சைக்கிள் கிடப்பதைப் பார்த்தாராம். யாரோ ஒதுங்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அந்த வரிசையை முடித்துத் திரும்பி வரும்போதும் அது அப்படியே கிடந்ததாம். அப்போதுதான் ஓடி வந்தாராம்.

ஒரு சால் பறிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முக்கால் மணி ஆகும் என்றார். அழத் தொடங்கினார். அப்போதே வந்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

முதல் அரை மணிக்குள் உடம்பைக் குளிர வைத்தால் பெரும்பாலும் முழுதாக மீளலாம் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். சுமதிக்கும் அது நினைவிருந்தது. ஆனாலும் அவள் போனில், “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்க இல்லன்னா அவரே இல்ல” என்று தெலுங்கில் இரண்டு மூன்று தடவை சொன்னாள். உண்மையாகவே சொன்னாள். ‘உங்கள் மேல் தப்பில்லை’ என்ற அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. பயிற்சியை மறுபடி செய்கிறேன். சுமதி செய்ய வைக்கிறாள். பேச்சு சற்றே தெளிந்திருக்கிறது, திவ்யாவுக்கு இப்போது புரிகிறது. நடைக்கு நான்கு கால் கம்பி இருக்கிறது. கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டோம். இதை ஒரு விரலால், பெரிய எழுத்து விசைப்பலகையில், நாளுக்கு நாலைந்து வரியாக அடித்தேன்.

வெயிலில் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. காய்ச்சலோடு போகாதீர்கள். போடும் மாத்திரையைக் கேட்டுப் போடுங்கள். வியர்வை நின்றால் நீங்களும் நில்லுங்கள். விழுந்தவரைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓடுமுன் தண்ணீரை ஊற்றுங்கள். ஏற்கெனவே என்னைப்போல் ஆனவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. காலம் ஆற்றும் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

காலையில் விழித்ததும் நான் உடனே அசைவதில்லை. மல்லாந்து கிடக்கும்போது என் கை நடுங்குவதில்லை, கால் தள்ளாடுவதில்லை. மனதுக்குள் சொல்லும் வார்த்தைகள் குழறுவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்கிறது, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுகிறது. எழுந்தால் எல்லாம் தொடங்கிவிடும். முதலில் ஐந்து நிமிடம் இப்படிக் கிடந்தேன். இப்போது அரை மணி ஆகிறது. நாளில் மிச்சமிருக்கும் நேரமெல்லாம் எனக்கு வேறு யாருடையதோபோல இருக்கிறது.

சுமதிக்கு இது தெரியும். கதவருகே வந்து, நான் கண் திறந்திருப்பதைப் பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். கொஞ்சம் நின்றுவிட்டு, சிந்தினாலும் என்னைச் சுடாதபடி காப்பியை ஆற வைக்கத் திரும்பிப் போவாள்.